ஒரே ஒரு முறை சிறுநீரில் ரத்தம், வலி இல்லை, கிரியேட்டினின் நார்மல்: இதோடு விட்டுவிடலாமா?

கார்த்திகைப்பூ

அப்பாவுக்கு வயது 64. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், அதற்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். பிரஷரும் உண்டு. ரொம்ப காலம் புகை பிடித்தவர், ஸ்டென்ட் வைத்த பிறகுதான் விட்டார்.

போன மாதம் ஒரு நாள் காலையில் சிறுநீர் பழுப்புச் சிவப்பாகப் போயிருக்கிறது. வலி, எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லை. மறுநாள் தானாகவே தெளிந்துவிட்டது. அவர் எங்களிடம் சொன்னதே சில நாள் கழித்து, ஏதோ பேச்சுவாக்கில்தான்.

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினோம். "மாத்திரையால் வந்திருக்கும், கொஞ்சம் இன்ஃபெக்‌ஷனும் இருக்கலாம்" என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். யூரின் கல்ச்சரில் கிருமி எதுவும் வளரவில்லை. கிரியேட்டினின் 1.0. "கிட்னி நன்றாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்கு அதில் பரம சந்தோஷம். எனக்குத்தான் மனது ஒப்பவில்லை. இதோடு விட்டுவிடலாமா, இல்லை நான்தான் இணையத்தில் கண்டதையும் படித்துவிட்டுப் பயப்படுகிறேனா?

பழைய ஸ்டெதஸ்கோப்

விடாதீர்கள் அம்மா. நான் ஓய்வு பெற்ற பொது மருத்துவர். இங்கே யாருக்கும் வைத்தியம் பார்க்க மாட்டேன், ஆனால் இதற்குப் பதில் சொல்லாமல் போக முடியாது.

வலியில்லாமல், கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சிறுநீரில் ரத்தம் வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று தெரியும் வரை விஷயம் முடியவில்லை. "நின்றுவிட்டதே" என்பது பதில் ஆகாது. கட்டியிலிருந்து கசியும் ரத்தத்தின் குணமே அதுதான். ஒரு நாள் வரும், அப்புறம் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் தலைகாட்டாது. அந்த இடைவெளியில் ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் மருந்தில் குணமான மாதிரியே இருக்கும். கல்ச்சரில் கிருமியே இல்லை என்கிறீர்கள், பிறகு எந்த இன்ஃபெக்‌ஷன் குணமானது?

அடுத்தது மாத்திரை. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஆரோக்கியமான சிறுநீர்ப் பாதையில் தானாக ஓட்டை போட்டு ரத்தம் வரவழைப்பதில்லை. ஏற்கெனவே அங்கே கசியக்கூடிய ஏதோ ஒன்று இருந்தால் அதைச் சீக்கிரம் வெளியே காட்டிவிடும். அதனால்தான் அமெரிக்க யூராலஜி சங்கத்தின் 2020 வழிகாட்டுதல், இந்த மாத்திரை சாப்பிடுபவர்களையும் மற்றவர்களைப் போலவே முழுதாகப் பரிசோதிக்கச் சொல்கிறது. மாத்திரை மேல் பழியைப் போட்டுவிட்டு நிறுத்துவது நிறைய இடங்களில் நடக்கிறது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது வேறு ஆபத்து.

கிரியேட்டினின் பற்றித்தான் ஜனங்களிடம் பெரிய குழப்பம். அது கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்லும். உள்ளே கட்டி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இரண்டு கிட்னியும் சேர்ந்து செய்யும் வேலையில் ஏறக்குறைய பாதி போன பிறகுதான் கிரியேட்டினின் நார்மல் அளவைத் தாண்டும். ஒரு பக்கம் எலுமிச்சை அளவு கட்டி இருந்தாலும் மறுபக்கம் சமாளித்துவிடும், ரிப்போர்ட்டில் 1.0 என்றே வரும்.

யாரிடம் போவது? யூராலஜிஸ்டிடம். கட்டி, கல், அடைப்பு, ரத்தம் கசிவது, அறுவை எல்லாம் அவர் துறை. நெஃப்ராலஜிஸ்ட் கிட்னியின் வேலைத்திறனைப் பார்ப்பவர், புரதம் ஒழுகுவது, டயாலிசிஸ் போன்றவை அவருடையவை. பலர் நெஃப்ராலஜிஸ்டிடம் நேரம் வாங்கிக் காத்திருந்து, அங்கிருந்து மறுபடி யூராலஜிஸ்டிடம் அனுப்பப்படுகிறார்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சிறுநீரில் ரத்தம் வருகிற பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. கல், புரோஸ்டேட் வீக்கம், தொற்று இவைதான் அதிகம். புற்றுநோயே என்றாலும் கிட்னியைவிட சிறுநீர்ப்பையில் இருப்பதற்கே வாய்ப்பு கூடுதல். அதனால் ஸ்கேனோடு சிஸ்டாஸ்கோப்பியும் செய்யச் சொல்வார்கள். சிறுநீர்ப் பாதை வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்ப்பது. அப்பா முகம் சுளிப்பார், சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொல்லிக் கூட்டிப் போங்கள்.

சந்தேகப்பேர்வழி

டாக்டர் ஐயா மன்னிக்க வேண்டும். ஒரு தடவை நிறம் மாறியதற்கு சி.டி., கேமரா என்று ஒரு மனிதரை ஓட வைக்கிறோமே, இது சரியா? பீட்ரூட் சாப்பிட்டாலே சிறுநீர் சிவக்கும். காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் ஆரஞ்சு நிறமாக்கும். கடுமையாக ஓடினால்கூட ரத்தம் தெரியும். தேடத் தேட ஏதாவது ஒரு புள்ளி கிடைக்கும், அதை வெட்டுவார்கள், கடைசியில் அது ஒன்றுமில்லாத கட்டி என்பார்கள். வயதானவர்களின் கிட்னியில் நீர்க்கட்டி இல்லாத ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம்.

பழைய ஸ்டெதஸ்கோப்

நீங்கள் சொல்வதில் பாதி சரி. அறிகுறியே இல்லாதவர்களை எல்லாம் வரிசையில் நிற்க வைத்துக் கிட்னி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று எந்தப் பெரிய வழிகாட்டுதலும் சொல்லவில்லை. அதில் நன்மையைவிடத் தொல்லை கூடலாம் என்ற உங்கள் கவலை மருத்துவ உலகத்திலும் இருக்கிறது.

ஆனால் இது அந்தக் கதை இல்லை. இங்கே அறிகுறி வந்துவிட்டது. நிறமா ரத்தமா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது நியாயம். மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு தெரிந்தால் ரத்தம், தெரியாவிட்டால் பீட்ரூட்டைக் குறை சொல்லலாம். வெறும் குச்சிப் பரிசோதனையை மட்டும் நம்பக் கூடாது, தசை சிதைந்து வரும் புரதத்துக்கும் அது நிறம் மாறும். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2015-லிருந்து சொல்லும் விதி எளிமையானது: 45 வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு, தொற்று இல்லாமல் கண்ணுக்குத் தெரியும் ரத்தம் வந்தாலோ, தொற்றுக்கு மருந்து கொடுத்த பிறகும் நிற்காமலோ திரும்பியோ வந்தாலோ, புற்றுநோய்ச் சந்தேகப் பாதையில் நிபுணரிடம் அனுப்பு. 64 வயது, புகை, பிரஷர். இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒற்றைக் கிட்னி

பெயரைப் பார்த்தே கதை புரிந்திருக்கும். எனக்கு ரத்தமும் வரவில்லை, வலியும் வரவில்லை. பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த அல்ட்ராசவுண்டில் வலது கிட்னியில் 8 செ.மீ. கட்டி தெரிந்தது. கட்டிக்கு என்னை நன்றாகத் தெரிந்திருந்தது, எனக்குத்தான் அதைத் தெரியவில்லை.

மருத்துவப் புத்தகத்தில் ரத்தம், விலா வலி, வயிற்றில் கையில் தட்டுப்படும் கட்டி, இந்த மூன்றும் சேர்ந்தால் கிட்னிப் புற்றுநோய் என்று இருக்குமாம். மூன்றும் சேர்ந்து வருவது இப்போது நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு என்று என் யூராலஜிஸ்ட் சொன்னார். அப்படி வந்தால் பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். இப்போது கண்டுபிடிக்கப்படுவதில் பாதிக்கு மேல் என்னைப் போல வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் அகப்படுபவைதான்.

யோசித்துப் பார்த்தால் உடம்பு ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தது. சாயங்காலமானால் லேசான காய்ச்சல். உடல் மெலிந்துகொண்டே வந்தது, நடைப்பயிற்சியின் பலன் என்று வீட்டில் பாராட்டினார்கள். ஹீமோகுளோபின் குறைந்திருந்தது, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், ஏறவே இல்லை. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். எகிறி இருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் காரணம் உண்டு, யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

பழைய ஸ்டெதஸ்கோப்

நண்பர் சொன்னது முக்கியம். கிட்னிக் கட்டிக்கு ஒரு வினோத குணம் உண்டு. ஹார்மோன் மாதிரியான பொருள்களைச் சுரந்து, கிட்னிக்குச் சம்பந்தமே இல்லாத இடங்களில் குறி காட்டும். ரத்தத்தில் கால்சியம் ஏறும், அதனால் மலச்சிக்கல், தாகம், மந்தம். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் கூடுதலாகச் சுரந்தால் ஹீமோகுளோபின் குறைவதற்குப் பதிலாக அளவுக்கு மேல் ஏறும். பிரஷரை ஏற்றும் ரெனின் சுரந்தால் கட்டுக்கடங்காத பிரஷர். கல்லீரலில் நோய் பரவாமலே கல்லீரல் டெஸ்டுகள் கெட்டுப்போகும், கட்டியை எடுத்ததும் சரியாகிவிடும். பழைய ஆசிரியர்கள் இந்த நோயை "வேஷதாரி" என்று சொல்லித்தான் பாடம் நடத்துவார்கள்.

ஆண்கள் வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற ஒன்றும் உண்டு. நடு வயதில் திடீரென்று விரைப்பையில் நரம்புகள் புடைத்துக்கொண்டு, படுத்தாலும் வடியாமல் இருந்தால், அதை வெறும் வெரிகோசீல் என்று விடக் கூடாது. இடது விரையின் ரத்தக்குழாய் நேராக இடது கிட்னியின் குழாயில்தான் போய்ச் சேருகிறது. அங்கே கட்டி அடைத்தால் இங்கே புடைக்கும். வலது பக்கம் மட்டும் தனியாக வந்தால் இன்னும் சந்தேகப்பட வேண்டும். இரண்டு காலும் சேர்ந்து வீங்குவதும் சில சமயம் இப்படித்தான், பெரிய சிரைக்குள் கட்டி வளர்ந்து அடைப்பதால்.

முதுகு வலி வந்தவர்கள் எல்லாம் உடனே இங்கே வரிசை கட்ட வேண்டாம். அசைந்தால் கூடி, படுத்தால் குறைகிற வலி பெரும்பாலும் தசை அல்லது எலும்பு.

நிலா_அம்மா

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். குழந்தைகளுக்கும் இது வருமா?

பழைய ஸ்டெதஸ்கோப்

குழந்தைகளுக்கு வருவது வேறு வகை, வில்ம்ஸ் கட்டி என்பார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். குளிப்பாட்டும்போதோ உடை மாற்றும்போதோ வயிற்றில் ஒரு பக்கம் கெட்டியாகத் தட்டுப்படும், குழந்தை விளையாடிக்கொண்டுதான் இருக்கும். அப்படி எதுவும் தெரிந்தால் திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்க்காமல் குழந்தைகள் மருத்துவரிடம் போக வேண்டும். நல்ல முறையில் குணமாகும் புற்றுநோய்களில் அதுவும் ஒன்று. மேலும் கேட்க இருந்தால் தனி இழை தொடங்குங்கள், பதில் எழுதுகிறேன்.

ஸ்கேன்_அறை

அல்ட்ராசவுண்ட் எடுத்தாயிற்று, ஒன்றும் இல்லை என்று யாராவது சொல்வதற்குள் நான் முந்திக்கொள்கிறேன். இந்த வேலையில்தான் இருக்கிறேன். அல்ட்ராசவுண்ட் நல்ல தொடக்கம், கதிர்வீச்சு கிடையாது. ஆனால் 3 செ.மீ.க்குக் குறைவான திடக் கட்டி அதில் தப்பிவிடலாம், சிறுநீர்க் குழாய் முழுதாகத் தெரியாது, உடல் பருமனாக இருந்தால் இன்னும் சிரமம். கண்ணுக்குத் தெரிந்த ரத்தத்துக்கு கான்ட்ராஸ்ட் மருந்தை ரத்தக்குழாயில் செலுத்தி எடுக்கும் சி.டி.தான் தெளிவான பதில் தரும். மருந்து செலுத்துவதற்கு முன் ஒரு படம், செலுத்திய பின் வெவ்வேறு நேரங்களில் படங்கள். கட்டியின் அடர்த்தி மருந்துக்குப் பின் 15 முதல் 20 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுக்கு (சி.டி.யில் அடர்த்தியை அளக்கும் அலகு) மேல் ஏறினால் அதற்குள் ரத்த ஓட்டம் இருக்கிறது என்று அர்த்தம். அதாவது அது சும்மா தண்ணீர்ப் பை இல்லை. மருந்துக்கு முன் எடுத்த படம் இல்லாவிட்டால் இந்த ஒப்பீட்டையே செய்ய முடியாது. வேறு எங்கோ எடுத்த சி.டி.யைக் கொண்டு வருகிறவர்களுக்கு நாங்கள் மறுபடி எடுக்கச் சொல்வது பெரும்பாலும் இதனால்தான்.

சந்தேகப்பேர்வழி சார் கேட்ட நீர்க்கட்டி விஷயம். சாதாரண நீர்க்கட்டி வயதோடு வருவது, தொட வேண்டியதே இல்லை. அதைத் தரம் பிரிக்க 1986-ல் மார்ட்டன் போஸ்னியாக் என்ற ரேடியாலஜிஸ்ட் ஒரு முறை கொண்டு வந்தார், 2019-ல் புதுப்பித்தார்கள். ரிப்போர்ட்டில் போஸ்னியாக் 1 அல்லது 2 என்றிருந்தால் நிம்மதியாக இருக்கலாம். 2எஃப் என்றால் கண்காணிப்பு மட்டும். 3 என்றால் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு, 4 என்றால் பத்தில் ஒன்பது புற்றுநோய்தான். ரிப்போர்ட்டில் வெறுமனே "நீர்க்கட்டி" என்று எழுதி, தடுப்புச் சுவர், சுண்ணாம்பு, திடப் பகுதி இருப்பதைச் சொல்லி, தரம் போடாமல் விட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள்.

போகும் முன் கான்ட்ராஸ்ட் ஒவ்வாமை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பது, கிரியேட்டினின் மூன்றையும் சொல்லிவிடுங்கள். அந்த கிரியேட்டினின் உண்மையிலேயே பயன்படுகிற இடம் இதுதான். படத்தைக் கணினித் தட்டில் (டிஸ்க்) கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அச்சடித்த ஃபிலிம் மட்டும் போதாது. இன்னொரு டாக்டரிடம் போனால் தட்டுதான் கை கொடுக்கும்.

கார்த்திகைப்பூ

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டாஸ்கோப்பியில் சிறுநீர்ப்பை சுத்தம். சி.டி.யில் இடது கிட்னியின் கீழ்முனையில் 3.4 செ.மீ. திடக் கட்டி, மருந்து ஏறுகிறது, கொழுப்பு தெரியவில்லை என்று ரிப்போர்ட். தட்டச்சு செய்யக் கை நடுங்குகிறது.

பார்த்த சர்ஜன், "கேன்சர்தான், கிட்னி முழுவதையும் எடுத்துவிடலாம், அடுத்த வாரமே அட்மிட் ஆகுங்கள், பயாப்சி தேவையில்லை" என்றார். பேசியது மொத்தமே சில நிமிடங்கள். பயாப்சி செய்யாமல் எப்படிக் கேன்சர் என்கிறார்? இன்னொருவரிடம் போனால் அதற்குள் பரவிவிடாதா? இவர் கோபித்துக்கொள்வாரோ என்றும் பயமாக இருக்கிறது.

ஒற்றைக் கிட்னி

முதலில் மூச்சு விடுங்கள் தங்கச்சி. 3.4 என்பது சின்னது. 4 செ.மீ. வரை கிட்னிக்குள்ளேயே இருந்தால் டி1ஏ என்பார்கள், முதல் படியிலும் முதல் பாதி. கிட்னியைத் தாண்டாத நிலையில் சிகிச்சை பெறுபவர்களில் ஐந்தாண்டு கடந்து இருப்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல்.

இரண்டாவது கருத்து கேட்பதற்குக் கோபப்படும் டாக்டரிடம் கத்தியைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. நான் என் சர்ஜனிடம் நேராகவே சொன்னேன், வேறு ஒருவரிடமும் கேட்டுவிட்டு வருகிறேன் என்று. அவரே படத்தட்டை உறையில் போட்டுக் கொடுத்தார்.

பழைய ஸ்டெதஸ்கோப்

அவசரம் இல்லை. இந்த அளவுக் கட்டிகள் சராசரியாக ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளர்கின்றன. சில வாரம் எடுத்து நல்ல முடிவுக்கு வருவதால் எதுவும் கைமீறாது. மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது வேறு.

பயாப்சி பற்றி: சர்ஜன் சொன்னது தவறில்லை. மருந்து ஏறும் திடக் கட்டி, கொழுப்பு இல்லை (கொழுப்பு தெரிந்தால் பெரும்பாலும் சாதுக் கட்டி) என்றால், பல இடங்களில் பயாப்சி இல்லாமலே அறுவைக்குப் போவார்கள், ஏனென்றால் முடிவு எதுவானாலும் திட்டம் மாறாது. ஆனால் "கேன்சர்தான்" என்று அடித்துச் சொன்னதை நான் ஏற்க மாட்டேன். 4 செ.மீ.க்குக் கீழான திடக் கட்டிகளில் ஐந்தில் ஒன்று புற்றுநோயே இல்லை. ஆன்கோசைட்டோமா என்று ஒன்று இருக்கிறது, சி.டி.யில் அச்சு அசலாகப் புற்றுநோய் மாதிரியே தெரியும், ஆனால் சாது. பயாப்சி முடிவு திட்டத்தை மாற்றும் என்றால் செய்யலாம்: காத்திருக்கலாமா என்று யோசிக்கும்போது, சூடு அல்லது உறைபனி வைத்துப் பொசுக்கும் சிகிச்சை செய்யும்போது, வேறு புற்றுநோய் ஏற்கெனவே இருந்தவருக்கு, ஒற்றைக் கிட்னிக்காரருக்கு. ஊசி போட்டால் பரவும் என்ற பயம் பெரிதாக்கப்பட்டது, அது மிக அரிது. பத்தில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடுதலாக, ஊசியில் எடுத்த துண்டு எந்த முடிவும் சொல்லாமல் போகும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு உறுத்துவது "முழுவதையும் எடுத்துவிடலாம்" என்பதுதான். கீழ்முனையில் 3.4 செ.மீ. என்றால் கட்டியை மட்டும் சுற்றிலும் கொஞ்சம் நல்ல திசுவோடு எடுத்து மீதிக் கிட்னியைக் காப்பாற்ற முடியுமா என்பதே முதல் கேள்வி. இந்த அளவுக்கு அதுதான் முதல் தேர்வு என்று அமெரிக்க, ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் இரண்டுமே சொல்கின்றன. முடியாத காரணங்கள் உண்டு: பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருக்கலாம், நடுவில் ஆழமாகப் பதிந்திருக்கலாம். அப்படியானால் அந்தக் காரணத்தை அவர் படத்தில் காட்டிச் சொல்ல வேண்டும். பிரஷரும் இதய நோயும் உள்ள 64 வயதுக்காரருக்கு ஒவ்வொரு நெஃப்ரானும் (கிட்னியில் ரத்தத்தை வடிகட்டும் நுண்பகுதி) சேமிப்புதான்.

இன்னொருவரைப் பார்க்கும்போது கேளுங்கள்: பகுதி அறுவை நீங்கள் அடிக்கடி செய்வீர்களா? இந்தக் கட்டியின் எந்த அம்சத்தால் அது முடியும் அல்லது முடியாது? நெஞ்சுக்கு ஸ்கேன் எடுத்தாயிற்றா? (பரவினால் முதலில் நுரையீரல்தான்.) ரத்த மாத்திரையை எப்போது நிறுத்துவது, அதை இதய மருத்துவரோடு பேசி முடிவு செய்தவர் யார்? இந்தக் கடைசிக் கேள்வி உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை அறுவையைவிடவும் கவனமாகக் கேட்க வேண்டியது. யூராலஜி, புற்றுநோய் மருத்துவம், ரேடியாலஜி, நோய்க்குறியியல் ஆட்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் டியூமர் போர்டு உள்ள மருத்துவமனை என்றால் இன்னும் நல்லது.

மூலிகைப்பித்தன்

எதற்கு வெட்டுவது? கிட்னியைச் சுத்தம் செய்யும் மூலிகைக் கஷாயம் ஒரு மண்டலம் குடித்தால் கட்டி கரைந்துவிடும். என் உறவினர் ஒருவருக்குக் கரைந்தது. கார்த்திகைப்பூ தனிமடலில் வரவும்.

ஸ்கேன்_அறை

கரைவதற்கு முன் எடுத்த ஸ்கேனும் பின் எடுத்த ஸ்கேனும் இருந்தால் இங்கேயே போடுங்கள், நான் பார்க்கிறேன். தனிமடல் வேண்டாம்.

"கிட்னி சுத்தம்" என்று சொல்லி, பெயர் எதுவும் ஒட்டாமல் விற்கும் பொடிகளால் ஏற்கெனவே கிட்னி கெட்டுப்போனவர்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம். ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி இனச் செடிகளில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய வைக்கும் மருந்தில் இந்த இனச் செடி கலந்து, இளம் பெண்கள் பலருக்குக் கிட்னி செயலிழந்தது. அவர்களில் பலருக்குப் பின்னாளில் சிறுநீர்க் குழாயில் புற்றுநோயும் வந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

மட்டுறுத்துநர்

மூலிகைப்பித்தன், இந்தப் பகுதியில் சிகிச்சைக்காகத் தனிமடலுக்கு அழைப்பது விதிமீறல். முதல் எச்சரிக்கை. இழை தொடரட்டும்.

சந்தேகப்பேர்வழி

நான் ஒன்று கேட்கலாமா? ஐந்தில் ஒன்று கேன்சரே இல்லை, வளர்ச்சியும் மெதுவு என்றால், வெட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாதா? இது கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

பழைய ஸ்டெதஸ்கோப்

நல்ல கேள்வி. கூடும். அதற்குப் பெயரே உண்டு, தீவிரக் கண்காணிப்பு. குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்து, வேகமாக வளர்ந்தால் மட்டும் கை வைப்பது. மிகவும் வயதானவர்களுக்கும், அறுவையே பெரிய ஆபத்தாக இருப்பவர்களுக்கும், 2 செ.மீ.க்குள் இருக்கும் சின்னக் கட்டிகளுக்கும் அது நல்ல வழி. இவருடையது 3 செ.மீ.யைத் தாண்டியது, அதோடு ஏற்கெனவே ரத்தம் கசிந்துவிட்டது, இன்னும் நிறைய ஆண்டுகள் இருக்கப் போகிறவர். நான் அறுவைப் பக்கம்தான் சாய்வேன். ஆனால் அவருடைய இதய நிலையைப் பார்க்காமல் நான் சொல்வதற்குப் பெரிய மதிப்பு கொடுக்காதீர்கள்.

கார்த்திகைப்பூ

நீண்ட இடைவெளிக்கு மன்னிக்கவும். வேறொரு பெரிய மருத்துவமனையில் காட்டினோம். அங்கே படத்தைத் திரையில் போட்டுக் காட்டி, கட்டி வெளிப்புறமாக வளர்ந்திருக்கிறது, பெரிய குழாய்களுக்குத் தூரம், பகுதி அறுவை போதும் என்றார்கள். நெஞ்சு சி.டி. சுத்தம். ஸ்டென்ட் வைத்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் இதய மருத்துவர் இரண்டு மாத்திரையில் ஒன்றை மட்டும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்லி, ஆஸ்பிரினைத் தொடர வைத்தார். லேப்ராஸ்கோப்பி முறையில் அறுவை முடிந்தது. கொஞ்சம் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. அப்பா இப்போது வீட்டில், டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டார்.

நோய்க்குறியியல் ரிப்போர்ட்: கிளியர் செல் வகை, கிரேடு 2, ஓரங்களில் கட்டி இல்லை, பிடி1ஏ. முதலில் பார்த்த சர்ஜன் சொன்ன மாதிரி கேன்சர்தான். எனக்கு மூன்று சந்தேகம். கிரேடு 2 என்றால் இரண்டாம் ஸ்டேஜா? இனிமேல் கீமோ உண்டா? நானும் தம்பியும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

ஸ்கேன்_அறை

ரொம்ப சந்தோஷம். ஸ்டேஜும் கிரேடும் வேறு வேறு. நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது ஸ்டேஜ், அப்பாவுக்கு முதல் நிலை. செல்கள் மைக்ராஸ்கோப்பில் எவ்வளவு முரடாகத் தெரிகின்றன என்பது கிரேடு, 1 முதல் 4 வரை. 2 என்பது சாதுப் பக்கம்தான். கிளியர் செல் வகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கிட்னிப் புற்றுநோயில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அந்த வகைதான்.

ஒற்றைக் கிட்னி

ரிமோட்டுக்குச் சண்டை போடுகிறார் என்றால் வேறு ரிப்போர்ட்டே தேவையில்லை. வாழ்த்துகள் தங்கச்சி. வலிக்கு மாத்திரை வாங்கும்போது மட்டும் கவனம், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையை டாக்டரைக் கேட்காமல் அப்பா போட்டுக்கொள்ளக் கூடாது. எனக்கு அதைத்தான் முதல் பாடமாகச் சொன்னார்கள்.

பழைய ஸ்டெதஸ்கோப்

கீமோ கிடையாது. பழைய வகைக் கீமோவுக்கு இந்த நோய் கட்டுப்படுவதே இல்லை. பரவிய நோய்க்கு 2005, 2006-ல் சொராஃபெனிப், சுனிட்டினிப் மாத்திரைகளும், 2015-லிருந்து நிவோலுமாப் போன்ற எதிர்ப்பு சக்தி மருந்துகளும் வந்து நிலைமையை மாற்றின. அறுவைக்குப் பிறகு பெம்ப்ரோலிசுமாப் கொடுப்பதும் 2021-லிருந்து உண்டு, ஆனால் திரும்பி வரும் ஆபத்து கூடுதலாக உள்ளவர்களுக்கு மட்டும். அப்பாவுக்கு அது எதுவும் வேண்டியிருக்காது. குறித்துக் கொடுத்த தேதிகளில் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் ஸ்கேன், கிரியேட்டினின், யூரினில் புரதம், பிரஷர் இவ்வளவுதான். நன்றாக இருக்கிறார் என்று அந்தத் தேதிகளைத் தவற விடுபவர்கள் நிறைய, நீங்கள் காலண்டரில் எழுதி வையுங்கள்.

உங்களுக்கும் தம்பிக்கும்: குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும், அதுவும் அறுபதுக்கு மேல், ஒரே பக்கம், ஒரே கட்டி என்றால் பிள்ளைகளுக்கு வழக்கமாக ஸ்கேன் சொல்வதில்லை. 46 வயதுக்குள் வந்திருந்தாலோ, இரண்டு கிட்னியிலும் அல்லது பல கட்டிகளாக இருந்தாலோ, நெருங்கிய உறவில் இன்னொருவருக்கும் இருந்தாலோ மரபணு ஆலோசனைக்குப் போக வேண்டும். வான் ஹிப்பல் லிண்டாவ் போன்ற பரம்பரை நோய்கள் அப்படித்தான் வெளிப்படும், அதில் கண், மூளை, அட்ரினல் சுரப்பியையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். பெரியப்பா, அத்தை வழியில் யாருக்காவது கிட்னியில் கட்டி எடுத்ததுண்டா என்று மட்டும் அப்பாவிடம் கேட்டுவிட்டு, இருந்தால் இங்கே எழுதுங்கள். தம்பி புகை பிடிப்பவர் என்றால் ஸ்கேனுக்கு முன் அதைப் பேசுங்கள்.

கார்த்திகைப்பூ

கேட்டேன் டாக்டர், அப்படி யாரும் இல்லையாம். தம்பியிடம் பேசுவதை அப்பாவே எடுத்துக்கொண்டார்.